படிகத்தில் மாசு எங்கே ஒளிந்திருக்கிறது: கண்டறிந்து நீக்கும் வழிமுறை

ஒரு பேட்ச் தூய்மைச் சோதனையில் தேறவில்லை என்றதும், "இன்னொரு முறை கரைத்துப் படிகமாக்கிவிடலாம்" என்ற யோசனைதான் முதலில் வரும். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் பொருளில் பத்துப் பதினைந்து சதவீதம் தாய்க்கரைசலோடு (படிகங்கள் விழுந்தபின் மிஞ்சும் கரைசல்) போய்விடும். மாசோ லேசாகக் குறைந்ததோடு சரி. மாசு எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்க்காமல் கைவைப்பதால் வரும் வினை இது.

வழிகள் ஐந்து. படிகத்தின் மேல் ஒட்டிய தாய்க்கரைசல் உலரும்போது மாசை அங்கேயே விட்டுச் செல்வது முதலாவது. ஆலைகளில் அதிகம் காண்பதும் இதுவே. வேகமாக வளரும் படிகம் தன் உடலுக்குள் தாய்க்கரைசல் துளிகளை மூடிக்கொள்வது இரண்டாவது. சோடியம் குளோரைடு படிகத்தைச் சூடாக்கினால் படபடவென்று வெடிப்பது, இப்படி உள்ளே சிறைப்பட்ட உப்புநீர் ஆவியாகி உடைப்பதால்தான். மூன்றாவது, சிறு படிகங்கள் ஒட்டித் திரளும்போது இடுக்குகளில் தங்கும் கரைசல். நான்காவது, மாசு மூலக்கூறு வடிவிலும் அளவிலும் பொருளைப் போலவே இருப்பதால் படிக அணிக்கோவையில் (மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கில்) அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வது. இதைத் திண்மக் கரைசல் என்பார்கள். பொட்டாஷ் படிகாரமும் அம்மோனியம் படிகாரமும் கலந்து ஒரே படிகமாக வளர்வது இந்த வகை. ஐந்தாவது, மாசு தன் கரைதிறனைத் தாண்டித் தனிப் படிகமாகவே விழுந்து கலந்துவிடுவது.

முதல் மூன்றுக்கும் கழுவுதல், வளர்வேகம், கலக்கும் முறை ஆகியவற்றில் தீர்வு கிடைக்கும். நான்காவதை அவை எதுவும் அசைக்காது. ஐந்தாவதற்குப் பெரும்பாலும் கரைப்பானைக் கொஞ்சம் கூட்டினாலே போதும். ஆகவே எந்த வகை என்று தெரியும்வரை செயல்முறையில் எதையும் மாற்றாதீர்கள்.

சோதனைக்கு முன் ஒரு வரவு செலவுக் கணக்கு

உள்ளே போன மாசு எத்தனை கிலோ, படிகத்தில் எத்தனை, தாய்க்கரைசலில் எத்தனை, கழுவிய கரைப்பானில் எத்தனை என்று எழுதிக் கூட்டுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் கணக்கு நேராக வேண்டும். வரவைவிடச் செலவு அதிகமாக வந்தால் மாசு உங்கள் கையிலேயே உருவாகிறது என்று பொருள்: கரைக்கும் சூட்டிலோ, உலர்த்தியிலோ பொருள் சிதைந்துகொண்டிருக்கிறது. அதற்குப் படிகமாக்கலில் மருந்து தேடிப் பயனில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 40 °செ-இல் உள்ள ஸ்லரியை (படிகமும் கரைசலும் கலந்த குழம்பை) ஆய்வகத்துக்குத் தூக்கிப் போய்க் குளிர்ந்த ஃபில்டரில் வடித்தால், வடியும்போதே மேலும் படிகம் விழும். நீங்கள் அளப்பது ரியாக்டரில் இருந்த படிகமே இல்லை. ஃபில்டரையும் ஊசிக்குழலையும் ஸ்லரியின் வெப்பநிலைக்கே சூடாக்கி வைத்து, ரியாக்டர் பக்கத்திலேயே வடியுங்கள். வடித்த திரவத்தை உடனே தெரிந்த அளவு கரைப்பானில் நீர்த்துவிட்டால் அதில் எதுவும் விழாது.

எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க

நுண்ணோக்கியில் தொடங்குங்கள். படிகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான எண்ணெயில் போட்டுப் பார்த்தால் மேற்பரப்பு மங்கி மறையும். உள்ளே சிறைப்பட்ட துளிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். தனிப் படிகங்களா, திரட்டுகளா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை, ஆனால் பல நாள் சோதனைகளை மிச்சப்படுத்தும்.

அடுத்து சல்லடை. உலர்ந்த பொருளை மூன்று நான்கு அளவுப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மாசை அளக்கவும். பொடியில் மாசு அதிகம் என்றால் அது மேற்பரப்பு மாசு, ஏனெனில் ஒரு கிலோ பொடிக்குப் பரப்பு அதிகம். பெரிய துண்டுகளில் அதிகம் என்றால் உள்ளடைபட்ட துளிகளையோ திரட்டுகளையோ சந்தேகிக்கலாம். எல்லாப் பிரிவிலும் ஒரே அளவு என்றால் அணிக்கோவையைச் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றை உறுதி செய்வது படிப்படியாகக் கரைக்கும் சோதனை:

1. ஒரே அளவுப் பிரிவிலிருந்து 20 கிராம் படிகம் எடுங்கள். திரட்டுகள் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். தனிப் படிகங்கள் உள்ள பிரிவாகப் பாருங்கள்.
2. அதில் ஏறத்தாழ 2 கிராம் மட்டும் கரையும் அளவுக்குத் தூய கரைப்பான் சேர்த்து, வெப்பநிலை மாறாமல் சில நிமிடங்கள் கலக்கி வடியுங்கள்.
3. வடிந்த திரவத்தில் பொருளையும் மாசையும் எச்.பி.எல்.சி.யில் (கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்து இரண்டின் விகிதத்தைக் குறியுங்கள்.
4. மிஞ்சிய படிகத்தோடு இதையே ஏழெட்டு முறை செய்யுங்கள்.
5. மொத்தம் கரைந்த சதவீதத்தைக் கிடையச்சிலும் விகிதத்தை நிலையச்சிலும் வைத்து வரையுங்கள்.

முதல் ஒன்றிரண்டு புள்ளிகள் உயரமாக இருந்து பிறகு வரைபடம் தரையைத் தொட்டால் மாசு மேற்பரப்பில் இருக்கிறது. கடைசிவரை சமமாகப் போனால் அது திண்மக் கரைசல். நடுவிலோ மையத்துக்கு அருகிலோ திடீரென உயர்ந்தால் உள்ளடைப்பு, அல்லது விதைப் படிகமே (வளர்ச்சியைத் தொடங்கி வைக்க நாம் போடும் சிறு படிகம்) அழுக்கு. உள்ளடைப்புதானா என்று சரிபார்க்கக் கொஞ்சம் படிகத்தைத் தெவிட்டிய (இனிமேல் கரைக்க முடியாத அளவு பொருள் கரைந்த) தூய கரைசலில் நனைத்து அரைத்து, வடித்துக் கழுவிப் பாருங்கள். அரைத்ததும் மாசு குறைந்தால் துளிகள் உடைந்து வெளியேறிவிட்டன என்று பொருள். அணிக்கோவை மாசு அரைப்பதற்கெல்லாம் அசையாது.

தனிப் படிகமாக விழும் மாசையும் திண்மக் கரைசலையும் பிரித்தறிவதுதான் கடினம். மாசு ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அதன் கோடுகள் பெரும்பாலும் தெரியாது. இதற்குக் கரைப்பான் அளவை மாற்றும் சோதனை உண்டு. ஒரே அளவு பொருளை ஐந்து குப்பிகளில் போட்டு, கரைப்பானைப் படிப்படியாகக் கூட்டி, ஒரே வெப்பநிலையில் ஒரு நாளோ இரண்டு நாளோ கலக்கி வடியுங்கள். மாசு தனிப் படிகம் என்றால், அது முழுதும் கரையும்வரை எல்லாக் குப்பிகளிலும் திரவத்தில் அதன் செறிவு ஒன்றாகவே இருக்கும். கரைந்து முடித்த குப்பியிலிருந்து திண்மத்தில் மாசு ஏறக்குறையப் பூஜ்யம். திண்மக் கரைசல் என்றால் திரவச் செறிவு குப்பிக்குக் குப்பி இறங்கிக்கொண்டே போகும், திண்மத்தில் மாசு ஒருபோதும் பூஜ்யம் ஆகாது.

கழுவுதல்: அதிகம் கெடுவது இங்கேதான்

100 கிலோ படிகத்தில் 25 கிலோ தாய்க்கரைசல் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரைசலில் பொருள் 12 சதவீதம், மாசு 1.6 சதவீதம். கழுவாமல் உலர்த்தினால் 3 கிலோ பொருளும் 0.4 கிலோ மாசும் படிகத்தோடு சேரும்: 103.4 கிலோவில் 0.4, அதாவது 0.39 சதவீதம். படிகம் உள்ளே முழுத் தூய்மையாக இருந்தும் இந்த நிலை. பழைய கரைசலில் 95 சதவீதத்தைக் கழுவித் தள்ளிவிட்டால் மாசு 0.02 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

எவ்வளவு கழுவுவது? கேக்கில் (ஃபில்டரில் தங்கும் ஈரப் படிகப் படுகையில்) உள்ள வெற்றிடத்தின் கொள்ளளவுதான் அளவுகோல். 1.2 மீட்டர் விட்டமுள்ள ஃபில்டரில் 20 செ.மீ. உயரக் கேக் என்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 226 லிட்டர். அதில் 45 சதவீதம் வெற்றிடம் என்றால் 100 லிட்டர். கேக் ஒழுங்காக இருந்தால் முதல் 100 லிட்டர் பழைய கரைசலில் பெரும்பகுதியைத் தள்ளிவிடும். இரண்டாவது 100 லிட்டர் மிச்சத்தைக் கவனிக்கும். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் கேக்கில்தான் கோளாறு, கரைப்பானை மேலும் ஊற்றுவதில் பயனில்லை.

அந்தக் கோளாறு பெரும்பாலும் விரிசல். தாய்க்கரைசலை முழுக்க இழுத்து, காற்று உள்ளே புகும்வரை விட்டால் கேக் சுருங்கி வெடிக்கும். பிறகு ஊற்றும் கரைப்பான் விரிசல் வழியே நேராக இறங்கிவிடும். கேக்கின் உடல் நனையாமலே இருக்கும். கேக்கின் மேல் திரவமட்டம் மறையும் கணத்தில் வடிப்பதை நிறுத்தி, மேற்பரப்பைச் சமப்படுத்தி, அடைத்து, அப்போதே கழுவும் கரைப்பானை மெதுவாகப் பரப்பி ஊற்றுங்கள். அதையும் காற்று புகவிடாமல் தள்ளிய பிறகே முழுதாக இழுத்து உலரவிடலாம்.

கழுவும் கரைப்பானின் கலவையும் முக்கியம். தாய்க்கரைசல் 70:30 விகிதத்தில் கரைப்பானும் எதிர்க்கரைப்பானும் (பொருள் கரையாத திரவம்) கலந்தது என்றால், முதல் கழுவலும் அதே கலவையில், அதே வெப்பநிலையில் இருக்கட்டும். நேரடியாகச் சுத்தமான எதிர்க்கரைப்பானை ஊற்றினால் கேக்கின் துளைகளில் உள்ள தாய்க்கரைசலிலிருந்து மாசும் சேர்ந்து அங்கேயே விழும். அதற்குப் பிறகு எத்தனை முறை கழுவினாலும் வராது. கடைசிக் கழுவலுக்கு மட்டும் எளிதில் ஆவியாகும் எதிர்க்கரைப்பான் சரி. பொருள் வீணாகக் கரைகிறது என்று கவலையென்றால் தூய பொருளால் தெவிட்டிய கரைசலைக் கொண்டு கழுவலாம். கச்சாச் சர்க்கரையின் மேலுள்ள பாகுப் படலத்தைச் சர்க்கரைப்பாகு கொண்டே நீக்கும் முறை இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

வேகமாகச் சுழலும் கூடையில் கேக்கை வடிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் வேறொரு தொல்லை உண்டு. கத்தி சுரண்டாமல் விடும் அடிப்படலம் பேட்சுக்குப் பேட்ச் இறுகிக் கண்ணாடிபோல் ஆகும். கழுவும் திரவம் அதன் வழியே இறங்காது, மேலே புதிதாக வரும் கேக்கும் சரியாக வடியாது. மாசு மெல்ல மெல்ல ஏறி, கூடையைச் சுத்தம் செய்த மறுநாள் சரியாகி, மீண்டும் ஏறினால் காரணம் இதுதான்.

உலர்த்தியில் உருண்டைகள் விழுகின்றனவா என்று பாருங்கள். மீந்த திரவம் உருண்டையின் வெளிப்புறம் நோக்கி ஊறிவந்து ஆவியாகும்போது மாசு ஓடுபோலப் படியும். உருண்டைகளைத் தனியாக ஆய்வுக்கு அனுப்பினால் வித்தியாசம் தெரியும். ஈரக் கேக்கை உடைத்து உதிர்த்த பின் உலர்த்தினால் இது குறையும்.

வளர்ச்சியைக் கட்டுப்படுத்துதல்

வேகமாக வளரும் முகத்தின் அருகே மாசு குவிந்து அதனால் உள்ளே நுழைகிறது என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படும். உருக்கிலிருந்து படிகமாக்கும்போது அது பெரிய விஷயம். கரைசலிலோ வளர்வேகம் வழக்கமாக மணிக்கு 36 மைக்ரான், அதாவது நொடிக்கு 10 நானோமீட்டர் என்ற ஒழுங்கில்தான் இருக்கும். எல்லைப் படலம் 50 மைக்ரான், மாசின் விரவல் கெழு நொடிக்கு 10⁻⁹ சதுரமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் குவிதல் ஆயிரத்தில் ஓரிரு பங்குகூடத் தேறாது. கரைசலில் வேகத்தின் தீமை வேறு வழியாக வருகிறது: படிகத்தின் விளிம்புகள் வேகமாக வளர்ந்து முகத்தின் நடுப்பகுதி பின்தங்கி, அந்தக் குழி பிறகு மூடிக்கொள்ளும்போது துளி சிறைப்படுகிறது. கூடவே புதுக்கருக்கள் (தாமாகத் தோன்றும் நுண்படிகங்கள்) பெருகித் திரட்டுகளும் உருவாகின்றன.

அதனால் மீதெவிட்டு நிலையை (கரைதிறனைவிட அதிகமாகப் பொருள் கரைந்திருக்கும் அளவை) எப்போதும் தாழ்வாக வைக்க வேண்டும். நேர்கோட்டில் குளிர்விப்பது இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் படிகப் பரப்பு மிகக் குறைவு, ஆனால் குளிர்ச்சி அதே வேகத்தில் வந்துவிடுகிறது. மூன்றாம் அடுக்கு வளைவு பயன்படுத்துங்கள்: கடந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, அதை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, மொத்த வெப்பநிலை இறக்கத்தால் பெருக்கினால் அந்த நேரத்தில் இறங்கியிருக்க வேண்டிய அளவு வரும். 60-இலிருந்து 10 °செ-க்கு 8 மணி நேரத்தில் இறக்க வேண்டுமென்றால், 2 மணி நேர முடிவில் 59.2, 4 மணியில் 53.8, 6 மணியில் 38.9, 8 மணியில் 10. கடைசி இரண்டு மணி நேரத்தில் 29 டிகிரி இறங்க வேண்டும். ரியாக்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் ஜாக்கெட்டால் அது முடியாதென்றால் மொத்த நேரத்தை நீட்டுங்கள். ஜாக்கெட்டைப் பனிக்கட்டியாக்கி அவசரப்பட்டால் சுவரில் ஓடு கட்டும். அது பாளம் பாளமாக உதிர்ந்து பேட்சோடு கலக்கும், உள்ளே தாய்க்கரைசல் நிறைந்திருக்கும்.

விதை போடுவதற்கும் கணக்கு உண்டு. விளையும் படிகத்தின் எடையில் 1 சதவீத அளவுக்கு 30 மைக்ரான் விதை போட்டால், புதுக்கரு எதுவும் உருவாகாத பட்சத்தில் இறுதி அளவு 30-ஐ 101-இன் கனமூலத்தால் பெருக்கியது, ஏறக்குறைய 140 மைக்ரான். அளந்து பார்த்தால் 60 மைக்ரான்தான் வருகிறது என்றால், விதைகளைப் போல 12, 13 மடங்கு படிகங்கள் ரியாக்டரில் இருக்கின்றன. விதை வேலையே செய்யவில்லை. சிற்றுறுதி மண்டலத்தின் (மீதெவிட்டு இருந்தும் புதுக்கரு தானாக உருவாகாத எல்லை) நடுவில், தெவிட்டு வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே விதைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்த பின்பே குளிர்விக்கத் தொடங்குங்கள். விதையை முன்கூட்டியே தெவிட்டிய கரைசலில் ஊறவைத்து ஸ்லரியாக ஊற்றினால் உலர்பொடிபோலக் கட்டி பிடிக்காது.

தெவிட்டு வெப்பநிலையைத் தூய பொருளைக் கொண்டு அளந்த வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். மாசு பொருளின் கரைதிறனை மாற்றும். தூயதற்கு 52 டிகிரியில் நிற்கும் விதை, மாசுள்ள கரைசலில் அதே 52-இல் கரைந்துபோகலாம். உண்மையான ஆலைக் கரைசலில் அளந்தால்தான் எண் நிற்கும்.

எதிர்க்கரைப்பான் சேர்க்கும் முறையில், சேர்க்கும் குழாயின் நுனி கலக்கியின் இலைக்கு அருகே திரவத்துக்குள் இருக்கட்டும். மேலே கொட்டினால் விழும் இடத்தில் மட்டும் மீதெவிட்டு நிலை எகிறி, எல்லாம் பொடியாக விழும். பி.எச். மாற்றிப் படிகமாக்குவதற்கும் இதே பேச்சு. பொருள் கரைசலை எதிர்க்கரைப்பானுக்குள் ஊற்றும் தலைகீழ் முறை, தூய்மை முக்கியமென்றால் வேண்டவே வேண்டாம்.

கரைசல் படிகமாகாமல் எண்ணெய்த் துளிகளாகப் பிரிந்தால் உடனே நிறுத்திச் சூடேற்றுங்கள். அந்த எண்ணெய் மாசுக்கு நல்ல கரைப்பான்; உறையும்போது அத்தனையையும் உள்ளே வைத்துக்கொள்ளும். செறிவைக் குறைத்து, எண்ணெய் பிரியும் வெப்பநிலைக்கு மேலேயே விதைக்க வேண்டும்.

ஏற்கெனவே திரட்டாகிவிட்ட ஸ்லரிக்கு வெப்பச் சுழற்சி கைகொடுக்கும். படிகத்தில் 10 முதல் 20 சதவீதம் கரையும் அளவுக்குச் சூடாக்கி, சிறிது நேரம் நிறுத்தி, மெல்லக் குளிர்வியுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பொடி மறையும், திரட்டின் மூட்டுகள் கரைந்து பிரியும், சிறைப்பட்ட கரைசலில் ஒரு பகுதி வெளிவரும்.

அணிக்கோவையில் புகுந்த மாசு

இங்கே பங்கீட்டுக் கெழுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: படிகத்தில் மாசு-பொருள் விகிதத்தைத் தாய்க்கரைசலில் உள்ள அதே விகிதத்தால் வகுத்தால் வரும் எண். அது 0.02 என்றால், 85 சதவீத விளைச்சலில் ஒருமுறை படிகமாக்கினாலே மாசு எட்டில் ஒரு பங்காகும். 0.3 என்றால், அதே விளைச்சலில் 1 சதவீத மாசு 0.74-க்குத்தான் இறங்கும். மூன்று முறை செய்தால் 0.41, அதற்குள் பொருளில் 39 சதவீதம் கையைவிட்டுப் போயிருக்கும். இந்த நிலையில் நான்காவது முறையைத் திட்டமிடுவதைவிட வேறு வழி தேடுவது நல்லது.

முதலில் வேறு படிக உருவையோ, உப்பு வடிவையோ, கரைப்பானோடு இணைந்த படிகத்தையோ முயன்று பாருங்கள்; அணிக்கோவை மாறினால் மாசுக்கு அங்கே இடம் இல்லாமல் போகலாம். கரைப்பானை மட்டும் மாற்றுவதால் கெழு ஓரளவுதான் நகரும். அதைவிட வலுவான வழி மாசின் உருவத்தையே வேதிவினையால் மாற்றிவிடுவது. டெரிஃப்தாலிக் அமிலத் தயாரிப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கச்சா அமிலத்தில் 4-கார்பாக்சிபென்சால்டிஹைடு ஆயிரக்கணக்கான பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கும், அது அமிலத்தோடு சேர்ந்தே படிகமாகும். சூடான நீரில் கரைத்து, பல்லேடியம்-கரி வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்றினால் அது பாரா-டொலுயிக் அமிலமாகிறது. நீரில் அதிகம் கரையும் பொருள் என்பதால் இது தாய்க்கரைசலிலேயே தங்கிவிடுகிறது, முந்தைய மாசு 25 பி.பி.எம்.-க்குக் கீழே போய்விடுகிறது.

அளவில் சிறிய மாசு, செயலில் பெரிய மாசு

சில மாசுகள் படிகத்தில் நுழையாமலே கெடுக்கும். சில பி.பி.எம். குரோமியம் அயனி இருந்தாலே அம்மோனியம் சல்ஃபேட்டின் வளர்ச்சி தளர்ந்துவிடும். சர்க்கரைப் படிகத்தை ராஃபினோஸ் ஓர் அச்சிலும் டெக்ஸ்ட்ரான் வேறோர் அச்சிலும் நீட்டும். படிகம் ஊசியானால் வடிகட்டுதல் மந்தமாகும், கேக்கில் தாய்க்கரைசல் அதிகம் தங்கும், அதனால் மற்ற மாசுகளும் ஏறும். ஆகவே வடியும் நேரம் கூடினால் ஃபில்டர் துணியைக் குறை சொல்லும் முன் படிக உருவத்தைப் பாருங்கள். இத்தகைய மாசைப் படிகமாக்குவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்: உலோக அயனிக்கு அயனிப் பரிமாற்றியோ வீழ்படிவாக்கலோ, நிறமிக்கும் பெரிய மூலக்கூறுகளுக்கும் செயலூட்டப்பட்ட கரி.

தாய்க்கரைசலைத் திருப்பி விடும்போது

விளைச்சலுக்காகத் தாய்க்கரைசலை மீண்டும் ஊட்டினால் மாசுக்கு வெளியேறும் கதவு ஒன்றுதான்: நீங்கள் ஒதுக்கி வெளியேற்றும் பகுதி. மணிக்கு 1000 கிலோ பொருளோடு 0.3 சதவீதம், அதாவது 3 கிலோ மாசு வருகிறது. தாய்க்கரைசல் ஓட்டம் மணிக்கு 500 கிலோ, அதில் 5 சதவீதம், 25 கிலோவை வெளியேற்றுகிறீர்கள். கேக்கில் ஒட்டிப் போவதை விட்டுவிட்டுப் பார்த்தால், மாசு கடைசியில் 25-க்கு 3, அதாவது 12 சதவீதத்தில் போய் நிற்கும். 10 சதவீதம் வெளியேற்றினால் 6 சதவீதம்.

அங்கே போய்ச் சேர ஆகும் காலத்தைப் பலர் கணக்கிடுவதில்லை. சுற்றில் மொத்தம் 10,000 கிலோ தாய்க்கரைசல் இருந்தால், அதை 25-ஆல் வகுத்தால் 400 மணி. இறுதி அளவில் 95 சதவீதத்தை எட்ட அதைப் போல மூன்று மடங்கு, 1200 மணி, சரியாக 50 நாள் ஆகும். ஒரு வார ஓட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று கையெழுத்திட்டுவிட்டு இரண்டாம் மாதத்தில் பேட்சுகள் தோற்கத் தொடங்குவது இதனால்தான். ஆய்வகத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று மறுசுழற்சி செய்து பார்ப்பதோடு, இறுதிச் செறிவைக் கணக்கிட்டு, அந்த அளவு மாசைக் கையால் சேர்த்த கரைசலிலும் படிக உருவம், வடியும் நேரம், தூய்மை மூன்றையும் சோதித்துவிடுங்கள். ஓட்டத்தில் தினமும் தாய்க்கரைசலில் மாசு-பொருள் விகிதத்தைப் புள்ளி வைத்து வரையுங்கள். அந்தச் சோதனையில் தூய்மை கெடத் தொடங்கிய விகிதத்தில் எண்பது சதவீதத்தைத் தொட்டதும் வெளியேற்றும் அளவைக் கூட்ட வேண்டும். படிகத்தில் தெரியும்வரை காத்திருந்தால், சுற்றிலுள்ள அத்தனை கரைசலும் அதற்குள் கெட்டிருக்கும்.